உலோக இடுப்பு மூட்டு உடம்புக்குள் கெட்டுப்போனால்: யார் மேல், எங்கே, எப்போது வழக்கு?

கேட்கப்பட்டது இதுதான். அம்மாவுக்கு 2009-ல் தனியார் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்றினார்கள். சில வருடமாகத் தொடை இடுக்கில் வலி, நடந்தால் கிரீச் என்று சத்தம். இப்போது ரத்தத்தில் கோபால்ட் அதிகம் என்று சொல்லி, பழைய மூட்டை எடுத்துவிட்டு வேறு வைக்கத் தேதி குறித்திருக்கிறார்கள். டாக்டர் மேல் வழக்குப் போடுவதா, கம்பெனி மேலா? இத்தனை வருடம் கழித்துப் போட முடியுமா?

போடலாம். ஆனால் வக்கீலைத் தேடுவதற்கு முன்னால் குறித்திருக்கும் ஆபரேஷன் தேதியைப் பாருங்கள். அன்று வெளியே எடுக்கும் உலோகம்தான் இந்த வழக்கின் முதல் சாட்சி. இப்படிப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் சட்டத்தில் தோற்பதில்லை. ஆபரேஷன் தியேட்டரின் குப்பை வாளியில் தோற்கின்றன.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவமனை நிர்வாகத்துக்கும் அறுவை மருத்துவருக்கும் எழுத்தில் கொடுங்கள், நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். எடுக்கப்படும் கப் (இடுப்புக் குழியில் வைப்பது), பந்து, ஸ்டெம் (தொடை எலும்புக்குள் இறக்கும் தண்டு) எதுவானாலும் நோயாளியிடமே தரப்பட வேண்டும். எங்கள் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் கம்பெனிக்கோ வேறு யாருக்குமோ தரக்கூடாது. சுற்றியுள்ள திசு ஹிஸ்டோபேத்தாலஜிக்கு, அதாவது நுண்ணோக்கியில் பார்க்கும் திசுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். கப்பின் விளிம்பிலும் பந்தின் அடியிலும் பொறித்திருக்கும் எண்களைப் போட்டோ எடுக்க வேண்டும். இவ்வளவு போதும். துண்டுகளைக் கிருமிநீக்கம் செய்தபின் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மென்துணியில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். ஒன்றோடொன்று உரசினால் தேய்மானத் தடம் கெட்டுவிடும். பிறகு எந்தக் கீறல் உடம்புக்குள் விழுந்தது, எது டப்பாவில் விழுந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

தியேட்டரில் கம்பெனி பிரதிநிதி நிற்பது வழக்கம். “ஆய்வுக்கு நாங்கள் அனுப்பிவிடுகிறோம் சார்” என்பார். ஆய்வு செய்யட்டும், ஆட்சேபம் இல்லை. நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவோடு, உங்கள் தரப்பு நிபுணரும் உடனிருக்கும்போது செய்யட்டும்.

அடுத்து, உள்ளே இருப்பது எந்த மூட்டு என்று தெரிய வேண்டும். ‘உலோக மூட்டு’ என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் உலோகப் பந்தும் கப்புக்குள் வைக்கும் பிளாஸ்டிக் லைனரும் சேர்ந்தது வேறு, உலோகப் பந்து உலோகக் கப்பிலேயே உரசுவது வேறு. பெரிய வழக்குகளெல்லாம் பெரும்பாலும் இரண்டாவது வகையைப் பற்றியவை. முதல் வகையிலும் பந்து ஸ்டெம்மின் கழுத்தில் பொருந்தும் இடமோ, தனிக் கழுத்து ஸ்டெம்மில் பொருந்தும் இடமோ அரித்து கோபால்ட் வெளிவரலாம். ஸ்ட்ரைக்கர் கம்பெனி ரெஜுவனேட், ஏபிஜி 2 என்ற ஸ்டெம்களை 2012-ல் திரும்பப் பெற்றது இப்படிப்பட்ட கழுத்து அரிப்புக்காகத்தான். அதனால் பிளாஸ்டிக் லைனர் என்று தெரிந்ததும் ஃபைலை மூடிவிடாதீர்கள்.

அடையாளம் ஒரு ஸ்டிக்கரில் இருக்கிறது. ஒவ்வொரு இம்ப்ளாண்ட் பெட்டிக்குள்ளும் கேட்டலாக் எண்ணும் லாட் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். அதில் ஒன்றை நர்ஸ் ஆபரேஷன் நோட்டில் ஒட்டுவார். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் ‘இடது மொத்த இடுப்பு மாற்று’ என்ற ஒரு வரிதான் இருக்கும். அது எதற்கும் உதவாது. முழு கேஸ் ஷீட்டையும் எழுத்தில் கேளுங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகளின்படி கேட்டு 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும். சிக்கல் என்னவென்றால், அதே விதிகள் பதிவேடுகளை 3 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்கின்றன. மூட்டோ எட்டு, பத்து வருடம் கழித்துத்தான் வாயைத் திறக்கும்.

“பழைய ஃபைல் அழிந்துவிட்டது” என்று சொன்னால் அதையே எழுத்தில் வாங்குங்கள். பிறகு வேறு இடங்களில் தேடுங்கள். காப்பீட்டுப் பணம் வாங்கியிருந்தால் அந்தக் கம்பெனியின் கிளெய்ம் ஃபைல்தான் நல்ல இடம். இம்ப்ளாண்ட் இன்வாய்ஸும் ஸ்டிக்கரும் இல்லாமல் அவர்கள் பணம் கொடுப்பது அரிது. மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டம், இஎஸ்ஐ, அலுவலக மருத்துவச் செலவு மீட்பு என எந்த வழியில் பணம் வந்திருந்தாலும் அந்த அலுவலகத்தில் ஒரு நகல் இருக்கும். மருத்துவமனை மருந்தகத்தின் கொள்முதல் பில்லும் உதவும். இவை எதுவுமே கிடைக்காவிட்டால், வெளியே எடுத்த துண்டில் பொறித்த எண்தான் கடைசி வழி.

இனி மருத்துவ ஆதாரம். கோபால்ட்-குரோமியக் கலவையில் செய்த கப்பும் பந்தும் உரசும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களும் அயனிகளும் கிளம்புகின்றன. சிலருடைய உடம்பு அதற்குக் கடுமையாக எதிர்வினை காட்டி, மூட்டைச் சுற்றிய தசையையும் எலும்பையும் தின்றுவிடும். திரவம் நிறைந்த கட்டி ஒன்று உருவாகும், அதைப் போலிக்கட்டி என்பார்கள். பிரிட்டனின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பு 2010-ல் வைத்த எச்சரிக்கை அளவு லிட்டர் ரத்தத்துக்கு 7 மைக்ரோகிராம் கோபால்ட் அல்லது குரோமியம். இது மேலும் பரிசோதிக்க வேண்டிய எல்லை மட்டுமே. 5 இருப்பவருக்குத் தசை அழிந்திருக்கலாம், 12 இருப்பவர் வலியே இல்லாமல் நடக்கலாம். அதனால் ரத்த ரிப்போர்ட் ஒன்றை மட்டும் வைத்து வழக்குப் போடக்கூடாது. உலோக நிழலைக் குறைத்து எடுக்கும் மார்ஸ் வகை எம்ஆர்ஐ, முடியாவிட்டால் அல்ட்ராசவுண்ட், கூடவே சிறுநீரகச் செயல்பாட்டுப் பரிசோதனையும் வேண்டும். கோபால்ட் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. கிரியாட்டினின் கூடுதலாக இருந்தால் “அளவு ஏறியது சிறுநீரகத்தால்தான், மூட்டால் இல்லை” என்று எதிர்த்தரப்பு வாதிடும். ரத்தத்தை நுண்தனிமங்களுக்கான தனிக் குழாயில்தான் எடுக்க வேண்டும், முதலில் வரும் சில மில்லியை விட்டுவிட்டு. சாதாரண ஊசியின் எஃகே சாம்பிளைக் கெடுத்துவிடும். இன்னொரு முழங்காலிலோ இடுப்பிலோ உலோகம் வைத்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். குறுக்கு விசாரணையில் எப்படியும் வெளிவரும்.

உங்கள் ஃபைலில் பார்க்க வேண்டிய இன்னொன்று: கெட்டுப்போன உலோக மூட்டிலிருந்து எடுக்கும் கலங்கிய திரவத்தைப் பார்த்துப் பல இடங்களில் ‘தொற்று’ என்று எழுதி மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்திருப்பார்கள். கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்ற ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். ‘தொற்றால்தான் மூட்டு தளர்ந்தது’ என்பது கம்பெனிகளுக்குப் பிடித்த பதில்.

உள்ளே இருப்பது டிபியூ கம்பெனியின் ஏஎஸ்ஆர் வகை என்று தெரிந்தால் இந்தியாவில் தனியாக ஒரு வழி உண்டு. இதன் கப் அரைக்கோளத்தைவிட ஆழம் குறைந்தது. அதைக் கொஞ்சம் செங்குத்தாகப் பொருத்திவிட்டாலே பந்து கப்பின் விளிம்பில் ஏறி உரசும். ஆஸ்திரேலியாவில் 2009 டிசம்பரில் இதை விலக்கினார்கள். 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். அப்போது உலகில் சுமார் 93,000 பேருக்கு வைத்தாகிவிட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் மூட்டுப் பதிவேட்டின்படி 5 ஆண்டுகளுக்குள் 12 முதல் 13 சதவீதம் பேருக்கு மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டிருந்தது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகள் நடந்தன. அவர்களில் பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. நம் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் எச்சரிக்கை வந்தது 2013 டிசம்பரில். இந்த மூன்று தேதிகளையும் குறித்துவையுங்கள். காலவரம்பு வாதத்துக்குத் தேவைப்படும்.

மத்திய அரசு 2017-ல் டாக்டர் அருண் குமார் அகர்வால் தலைமையில் அமைத்த குழு, பாதிக்கப்பட்டவருக்குக் குறைந்தது 20 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. மறு அறுவை சிகிச்சைச் செலவை மீட்டுத் தரும் திட்டம் 2025 ஆகஸ்ட் வரை நீடிக்க வேண்டும் என்றும் சொன்னது. பிறகு டாக்டர் ஆர்.கே. ஆர்யா தலைமையிலான குழு, ஊனத்தின் அளவையும் வயதையும் வைத்து 30 லட்சத்திலிருந்து 1.23 கோடி வரை வரும் கணக்கு ஒன்றைக் கொடுத்தது. வலி, வேதனைக்கான 10 லட்சம் அதிலேயே அடக்கம். இந்தக் கணக்கை எதிர்த்து, டிபியூவின் தாய்க் கம்பெனியான ஜான்சன் அண்ட் ஜான்சன் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. 2019-ல் அங்கே, மறு அறுவை சிகிச்சை உறுதியான 67 பேருக்குத் தலா 25 லட்சம் தர முன்வந்தது. ஆக, இந்த வழியில் போகிறவர்கள் அரசு சொன்ன தொகையையும் கம்பெனி ஒப்புக்கொண்ட தொகையையும் ஒன்றாக நினைத்துக்கொள்ளக் கூடாது. மனுவை மாநில அளவிலான மருத்துவக் குழுவுக்கும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் சேர்த்தே அனுப்புங்கள். ஊனச் சான்றிதழை முன்கூட்டியே அரசு மருத்துவக் குழுவிடம் வாங்கிவிடுங்கள். கணக்கு முழுக்க அந்தச் சதவீதத்தின் மேல்தான் நிற்கிறது. மனு நிலுவையில் இருப்பதால் காலவரம்பு நின்றுவிடாது. குழுவுக்கு எழுதிவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தால் நுகர்வோர் வழக்குக்கான காலம் ஓடிப்போகும்.

வேறு கம்பெனி மூட்டு என்றால், அல்லது ஏஎஸ்ஆர் ஆனாலும் இந்தத் தொகை போதாது என்றால், நுகர்வோர் ஆணையம்தான் பெரும்பாலோருக்குச் சரியான இடம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 82 முதல் 87 வரையிலான பிரிவுகள், வக்கீல்கள் பிராடக்ட் லயபிலிட்டி என்று சொல்லும் உற்பத்திப் பொருள் பொறுப்பைப் பேசுகின்றன. உற்பத்தியில் குறை, வடிவமைப்பில் குறை, போதிய எச்சரிக்கை தராதது, கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாதது: இவற்றில் ஒன்றை நிரூபித்தால் 84-ஆம் பிரிவின்படி உற்பத்தியாளர் பொறுப்பாவார். உத்தரவாதம் மீறப்பட்ட வழக்கில், ‘நான் அலட்சியமாக இல்லை’ என்று அவர் நிரூபித்தாலும் தப்ப முடியாது. உலோக மூட்டு வழக்கில் வடிவமைப்புக் குறையை முதலில் வையுங்கள். காரணம் 87-ஆம் பிரிவு. நிபுணர் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்தும் பொருளாக இருந்து, உற்பத்தியாளர் அந்த நிபுணருக்கு முறையாக எச்சரிக்கை கொடுத்திருந்தால், ‘எச்சரிக்கை தரவில்லை’ என்ற குற்றச்சாட்டு நிற்காது. டாக்டருக்குக் கடிதம் அனுப்பினோம் என்று ஒரு தாளை நீட்டுவார்கள். வடிவமைப்புக் குறைக்கு அந்தத் தாள் பதிலாகாது.

2009-ல் வைத்த மூட்டுக்கு 2019 சட்டம் பொருந்துமா என்று கட்டாயம் வாதிடுவார்கள். எனவே புகார் மனுவில் இரண்டையும் எழுதுங்கள். பழைய 1986 சட்டத்தின்படி ‘குறைபாடுள்ள சரக்கு’, புதிய சட்டத்தின்படி உற்பத்திப் பொருள் பொறுப்பு. ஒன்று இல்லாவிட்டால் மற்றொன்று. இன்னொரு நுணுக்கமும் உண்டு. புதிய சட்டத்தில் ‘தீங்கு’ என்ற சொல்லில் உடல் காயம், நோய், அதோடு வரும் மன வேதனை எல்லாம் அடங்கும். அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் அடங்காது. மூட்டுக்குக் கொடுத்த விலையைத் திரும்பக் கேட்க வேண்டுமானால் சரக்குக் குறைபாடு என்ற தலைப்பில் தனியாகக் கேட்க வேண்டும்.

எதிர்மனுதாரர்களாக யாரைப் போடுவது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கோபம் முதலில் டாக்டர் மேல் பாயும். ஆனால் தொழில்திறனே சாரமாக இருந்து பொருள் அதில் துணையாக மட்டும் வரும் சேவையைத் தருபவரைச் சட்டம் ‘விற்பனையாளர்’ என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. டாக்டர் மேல் போட வேண்டுமானால் சேவைக் குறைபாடு தனியாக இருக்க வேண்டும்: திரும்பப் பெறும் அறிவிப்பு வந்த பிறகும் அந்த மூட்டை வைத்தது, வந்தபின் நோயாளிக்குச் சொல்லாமல் விட்டது, கப்பைத் தவறான கோணத்தில் பொருத்தியது, வலி என்று வந்தவரை வருடக்கணக்கில் வலி மாத்திரையோடு அனுப்பியது. இவை எதுவும் இல்லையென்றால் டாக்டரை எதிர்மனுதாரர் ஆக்குவது உங்களுக்கே கேடு. மூட்டைப் பற்றி உங்களுக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லக்கூடியவரே அவர்தான். எதிர்மனுதாரர் ஆக்கினால் கம்பெனியோடு ஒரே வரிசையில் உட்கார்ந்துவிடுவார்.

வெளிநாட்டு உற்பத்தியாளர், இந்திய இறக்குமதியாளர், விநியோகஸ்தர் மூவரையும் சேருங்கள். இறக்குமதி செய்பவரும் சட்டப்படி விற்பனையாளரே. உற்பத்தியாளருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டாலோ உத்தரவை அவர்மேல் நிறைவேற்ற முடியாவிட்டாலோ விற்பனையாளர் பொறுப்பேற்க வேண்டும் என்று 86-ஆம் பிரிவு சொல்கிறது. ‘தயாரித்தது அமெரிக்கக் கம்பெனி, நாங்கள் வெறும் இறக்குமதியாளர்’ என்ற பதிலுக்கு இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டைப் பொறுத்ததல்ல, நீங்கள் கொடுத்த விலையைப் பொறுத்தது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். மருத்துவமனை பில் 4 லட்சம் என்றால் 80 லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 5 முதல் 10 லட்சத்துக்கு 200 ரூபாய். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஆபரேஷன் மும்பையில் நடந்திருந்தாலும் அம்மா மதுரையில் இருந்தால் மதுரையிலேயே போடலாம். புகாரை இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். எதிர்மனுதாரருக்குப் பதில் தர 30 நாள், மேற்கொண்டு 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட ஆணையம் தர முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-ல் சொல்லிவிட்டது. நோட்டீஸ் சேர்ந்த தேதிக்கான தபால் ஆதாரத்தைத் தவறாமல் எடுத்துவையுங்கள். ஒரே மூட்டால் பாதிக்கப்பட்ட பலர் இருந்தால், 35-ஆம் பிரிவின்படி ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் போடலாம்.

முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்திருந்தால், 1995-ல் வந்த சாந்தா வழக்குத் தீர்ப்பின்படி மருத்துவமனை மேல் நுகர்வோர் வழக்கு செல்லாது. இஎஸ்ஐ மருத்துவமனைக்கு அந்த விலக்கு இல்லை. காசு கொடுத்து வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்பதால், இலவச நோயாளியும் கம்பெனி மேல் போடலாம் என்று வாதிட இடம் உண்டு.

இனி காலவரம்பு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. அந்த நாள் ஆபரேஷன் நாள் அல்ல. தீங்கு மறைந்திருந்தால், அது தெரிய வந்த நாள் அல்லது முயன்றால் தெரிந்திருக்கக்கூடிய நாள். இந்தக் கடைசிப் பகுதி முள். 2010-ல் தீர்ப்பான ஸ்ரீகண்டே வழக்கில் 1993 ஆபரேஷனில் வயிற்றில் விட்ட காஸ் துணி 2002-ல் எடுக்கப்பட்டது; புகார் 2004-ல். அத்தனை வருடம் வலியோடு இருந்தும் அந்த டாக்டரை ஏன் போய்ப் பார்க்கவில்லை, அதிலும் நீங்கள் நர்ஸ் ஆயிற்றே என்று கேட்டு, காலம் கடந்தது என்றது உச்ச நீதிமன்றம். எனவே அம்மா வலிக்காக இடையில் பார்த்த ஒவ்வொரு டாக்டர் சீட்டும் எக்ஸ்ரேயும் முக்கியம். ‘தேடினோம், யாரும் மூட்டைச் சந்தேகிக்கவில்லை’ என்று அவைதான் காட்டும். 2 ஆண்டு தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவைப் புகாரோடு சேர்த்தே போடுங்கள், ஆணையம் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். திரும்பப் பெறும் அறிவிப்பு உங்களுக்கு வந்து சேரவே இல்லை என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதுங்கள்.

சிவில் வழக்கும் போடலாம். கம்பெனி தெரிந்தே மறைத்தது என்று காட்ட முடிந்தால் 1963 காலவரம்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மோசடி வெளிப்பட்ட நாளிலிருந்து கணக்கைத் தொடங்கும். ஆனால் தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். ஒரு கோடிக்கு 3 லட்சம். ஆவணங்களும் சாட்சிகளும் மலைபோல் இருந்து நீண்ட குறுக்கு விசாரணை தேவைப்பட்டால் மட்டும் இதை யோசியுங்கள். போலீஸ் புகாரால் நஷ்டஈடு வராது. டாக்டர் மேல் குற்ற வழக்கு என்றால் மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்று 2005-ன் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு சொல்கிறது. மருத்துவக் கருவிப் பாதகங்களைப் பதியும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்தில் புகார் பதிவதும் அப்படித்தான், பணம் வராது. ஆனால் அதற்குச் செலவில்லை, பதிவின் நகல் வழக்கில் ஒரு தேதியிட்ட ஆதாரமாகும். அதை மட்டும் செய்துவிடுங்கள்.

அமெரிக்காவில் கோடிக்கணக்கில் கொடுத்தார்களே என்பார்கள். 2013-ல் ஏஎஸ்ஆருக்காகச் சுமார் 250 கோடி டாலர் சமரசம் நடந்தது உண்மை, அடிப்படைத் தொகை தலைக்கு 2,50,000 டாலர். அது அமெரிக்காவில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கானது. அம்மாவுக்கு அங்கே வைத்த மூட்டு என்றால் அந்த மாநில வக்கீலிடம் கேளுங்கள். இங்கே வைத்தது என்றால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். வெளிநாட்டுத் தீர்ப்பு எல்லாம் நோயாளி பக்கம் என்றும் நினைக்க வேண்டாம். 2018-ல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் பினக்கிள் என்ற இன்னொரு உலோக மூட்டைக் குறைபாடுள்ளதல்ல என்று தீர்ப்பளித்தது. ‘எல்லா மூட்டும் ஒருநாள் தேயும், தேய்ந்ததாலேயே குறைபாடு ஆகிவிடாது’ என்ற வாதம் இங்கேயும் வரும். அதற்குப் பதில், அதே காலத்தில் வைத்த மற்ற வகை மூட்டுகளைவிட இது எவ்வளவு சீக்கிரம் கெட்டது என்ற ஒப்பீடு. ஆஸ்திரேலிய, இங்கிலாந்து மூட்டுப் பதிவேடுகளின் ஆண்டறிக்கைகள் எல்லோருக்கும் கிடைக்கின்றன; உங்கள் மாடலின் பக்கத்தை அச்செடுத்து இணையுங்கள்.

நடுவில் கம்பெனியோ அதன் சார்பில் ஒரு ஏஜென்சியோ பரிசோதனைச் செலவு, மறு ஆபரேஷன் செலவு தருகிறோம் என்று படிவத்தோடு வரலாம். பணம் வாங்குவதில் தவறில்லை. படிவத்தில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: ‘முழுத் தீர்வாக ஏற்கிறேன்’ என்று ஒன்று, எடுத்த மூட்டையும் மருத்துவப் பதிவுகளையும் ஒப்படைக்கச் சம்மதம் என்று இன்னொன்று. இரண்டையும் அடித்துவிட்டு, ‘செலவு மீட்பாக மட்டும், என் மற்ற உரிமைகளுக்குப் பங்கமின்றி’ என்று உங்கள் கைப்பட எழுதி, அந்த இடத்தில் கையெழுத்திடுங்கள். அப்படி எழுதிக்கொடுத்தால் பணம் தர மறுக்கிறார்கள் என்றால், மறுத்ததற்கான கடிதத்தை வாங்கிப் புகாரோடு இணையுங்கள்.